எஸ்.ஏ., எஸ்.எல்., எஸ்.ஏ.எஸ்.: ஸ்பானிய மொழி நாடுகளில் நிறுவன அமைப்பு எப்படி இயங்குகிறது?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் நீரிறைக்கும் பம்புகள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் இதுவரை விநியோகஸ்தர்கள் வழியாகவே விற்றுவந்த எங்கள் நிர்வாகம், அவ்விரு நாடுகளிலும் சொந்தத் துணை நிறுவனம் தொடங்குவது குறித்து யோசிக்கிறது. அதற்கான அடிப்படைக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. அங்குள்ள நிறுவனப் பெயர்களின் இறுதியில் எஸ்.ஏ., எஸ்.எல்., எஸ்.ஏ. தே சி.வி., எஸ்.ஏ.எஸ். என்றெல்லாம் வருகின்றன. இவை தனித்தனி அமைப்புகளா, அல்லது நம் ஊரின் பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட் என்ற பிரிவுகளுக்கே வழங்கும் வேறு பெயர்களா? இயக்குநர் குழு, தணிக்கையாளர், பங்குதாரர் கூட்டம் ஆகியவை நம் கம்பெனிச் சட்டத்தில் உள்ளபடியே அங்கும் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

வழக்காடி

ஸ்பெயினிலிருந்து தொடங்குவது நல்லது. நம் கம்பெனிச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்பானிய மொழி நாடுகளின் சட்டத்துக்கோ பிரான்சின் 1807ஆம் ஆண்டு வணிகச் சட்டத் தொகுப்பும், அதன் தாக்கத்தில் ஸ்பெயின் 1829இலும் 1885இலும் இயற்றிய தொகுப்புகளும் முன்னோடிகள். இந்த மரபில் நிறுவனம் என்பது முதலாவதாகப் பங்காளிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். அது நோட்டரி முன்னிலையில் பத்திரமாகி, வணிகப் பதிவகத்தில் பதிவான பிறகே முழுமையான சட்ட வடிவம் பெறுகிறது. நோட்டரி என்றதும் நம் நீதிமன்ற வளாகத்தில் முத்திரை வைத்துத் தருபவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பெயினின் நோட்டரி, கடுமையான போட்டித் தேர்வில் வென்று அரசால் நியமிக்கப்படும் சட்ட அறிஞர். பத்திரத்தின் சட்டப் பொருத்தத்தைச் சரிபார்ப்பது, கையெழுத்திடுபவர்களுக்கு அதை வாசித்து விளக்குவது, மூலப் பிரதியைத் தம் காப்பில் வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் வழங்குவது ஆகியவை அவருடைய கடமைகள்.

அங்கு இரண்டு முதன்மை வடிவங்கள் உள்ளன. சொசியெதாத் அனோனிமா எனப்படும் எஸ்.ஏ. தொடங்கக் குறைந்தது 60,000 யூரோ மூலதனம் வேண்டும். அதில் கால் பங்கையாவது தொடக்கத்திலேயே செலுத்த வேண்டும். பொறுப்பு வரையறுக்கப்பட்ட வடிவமான எஸ்.எல். தொடங்க முன்பு 3,000 யூரோ தேவைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம் அதை ஒரு யூரோவாகக் குறைத்தது. ஆயினும் மூலதனமும் சட்டக் காப்பு நிதியும் சேர்ந்து 3,000 யூரோவை எட்டும்வரை ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டை ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு முன்பே நிறுவனம் கலைக்கப்பட்டு, கடனை அடைக்கச் சொத்து போதாமல் போனால், 3,000 யூரோவுக்கும் மூலதனத்துக்கும் இடையிலான வித்தியாசத் தொகைக்குப் பங்காளிகளே கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். எனவே 'ஒரு யூரோவில் நிறுவனம்' என்று விளம்பரங்களில் சொல்லப்படுவதை அந்த அளவோடு நம்பிவிடக் கூடாது.

நிர்வாக அமைப்பிலும் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு இரண்டு இயக்குநர்களும் ஒரு குழுவும் கட்டாயம். ஸ்பெயினிலோ தனி ஒரு நிர்வாகியை வைக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தே நிறுவனத்தைப் பிணைக்கவல்ல பல நிர்வாகிகளை வைக்கலாம். சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே செல்லுபடியாகும் கூட்டு நிர்வாகிகளை வைக்கலாம். அல்லது குறைந்தது மூவர் அடங்கிய நிர்வாகக் குழுவை அமைக்கலாம். இந்த நான்கில் எது என்பது பதிவகத்தில் வெளிப்படையாக இருக்கும். நிறுவனத்தின் நிகர மதிப்பு நட்டத்தால் மூலதனத்தின் பாதிக்கும் கீழே இறங்கினால், நிர்வாகிகள் இரண்டு மாதங்களுக்குள் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டத் தவறினால், கலைப்புக்கான காரணம் எழுந்த பிறகு ஏற்படும் கடன்களுக்கு அவர்கள் தம் சொந்தச் சொத்தைக் கொண்டு பொறுப்பேற்க நேரும். மரியாதைக்காக நிர்வாகிப் பதவியை ஏற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கு இந்த ஒரு விதியையாவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பேரேடு

மெக்சிகோவைப் பற்றி நான் எழுதுகிறேன். ஓர் இந்திய நிறுவனத்தின் மெக்சிகோ துணை நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குகளைத் தொகுத்து வருகிறேன்.

அங்கு அடிப்படைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் வணிக நிறுவனங்களுக்கான பொதுச் சட்டம். நெய்தல் குறிப்பிட்ட எஸ்.ஏ. தே சி.வி. என்பது தனி வகை நிறுவனம் அன்று. மாறும் மூலதனம் கொண்ட எஸ்.ஏ. என்பதே அதன் பொருள். மூலதனத்தை நிலையான பகுதி, மாறும் பகுதி என்று பிரித்துவிட்டால், மாறும் பகுதியைக் கூட்டவும் குறைக்கவும் நிறுவன விதிகளைத் திருத்த வேண்டியதில்லை. பங்குதாரர் தீர்மானத்தை இயற்றி, மூலதன மாற்றப் பதிவேட்டில் குறித்தால் போதும். வெளிநாட்டுத் தாய் நிறுவனம் தொழில் வளர வளரப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் பெரும்பாலோர் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர். எஸ்.ஏ. வடிவத்துக்கு முன்பிருந்த 50,000 பெசோ குறைந்தபட்ச மூலதன விதி 2011இல் நீக்கப்பட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எஸ்.ஏ. ஆனாலும் பொறுப்பு வரையறுக்கப்பட்ட எஸ். தே ஆர்.எல். ஆனாலும் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள் வேண்டும். கோயம்புத்தூர்த் தாய் நிறுவனம் ஒரே உரிமையாளராக இருக்க இயலாது. குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கோ தனிநபர் ஒருவருக்கோ ஒரு பங்கையாவது கொடுப்பது வழக்கம். மெக்சிகோவிலும் 2016இல் எஸ்.ஏ.எஸ். என்ற எளிய வடிவம் வந்தது என்றாலும், அதில் தனிநபர்கள் மட்டுமே பங்குதாரராக முடியும். ஆண்டு வருவாய்க்கும் உச்சவரம்பு உண்டு. உங்களுக்கு அது பயன்படாது.

அடுத்ததாக, வெளிநாட்டவர் பங்கேற்கும் நிறுவனத்தின் விதிகளில் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவையொட்டிய ஒரு வாசகம் இடம்பெறும். தம் பங்குகள், உரிமைகள் தொடர்பில் தம்மை மெக்சிகோ நாட்டவராகவே கருத ஒப்புக்கொள்வதாகவும், தம் சொந்த அரசின் பாதுகாப்பைக் கோருவதில்லை என்றும், கோரினால் அந்தப் பங்குகள் மெக்சிகோ நாட்டுக்குச் சேரும் என்றும் பங்குதாரர் உறுதியளிக்கிறார். கடன் வசூலை முன்வைத்து வெளிநாட்டுப் படைகள் நுழைந்த 19ஆம் நூற்றாண்டு அனுபவத்திலிருந்து பிறந்த விதி இது. இதைப் படித்து நம் ஊர் நிர்வாகங்கள் திகைப்பது இயல்பே என்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே தொழில் செய்யும் பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் விதிகளிலும் இதே வாசகம் இருக்கிறது.

மூன்றாவதாக, எஸ்.ஏ. ஒவ்வொன்றுக்கும் கொமிசாரியோ என்ற கண்காணிப்பாளர் வேண்டும். அவர் நம் நாட்டுத் தணிக்கையாளரைப் போன்றவர் அல்லர். பங்குதாரர்களின் சார்பில் நிர்வாகத்தைக் கண்காணித்து, ஆண்டுக் கூட்டத்தில் தனி அறிக்கை தருபவர். நிறுவன ஊழியரோ நிர்வாகிகளின் நெருங்கிய உறவினரோ அப்பொறுப்பை ஏற்க முடியாது. நிதியாண்டு முடிந்த நான்கு மாதங்களுக்குள் ஆண்டுக் கூட்டம் நடைபெற வேண்டும். அங்கு நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், ஏப்ரல் மாதம் நம் மார்ச் மாத ஆண்டு முடிவு வேலையோடு மோதிக்கொள்ளும். எஸ். தே ஆர்.எல். வடிவத்தில் கொமிசாரியோ கட்டாயமில்லை. மூடிய துணை நிறுவனங்களுக்கு அதைப் பலர் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் அமைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. வரி விதிப்புக்குரிய லாபத்தில் 10 விழுக்காட்டை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அங்கே அரசியலமைப்பு தரும் உரிமை. இதைத் தவிர்க்கவே பல குழுமங்கள் லாபத்தை ஒரு நிறுவனத்திலும் ஊழியர்களை வேறொரு சேவை நிறுவனத்திலும் வைத்திருந்தன. 2021 ஏப்ரலில் வந்த சீர்திருத்தம் ஆட்களை மட்டும் வாடகைக்குத் தரும் அந்த ஏற்பாட்டைத் தடைசெய்து, ஒருவருக்குக் கிடைக்கும் லாபப் பங்குக்கு உச்சவரம்பும் வைத்தது. உழைப்பவர்களுக்கு உரிய பங்கை ஒரு காகித நிறுவனத்தின் பின்னால் மறைத்துவைத்த அந்த வழக்கம் ஒழிந்தது நியாயமே என்பது என் உறுதியான கருத்து. பழைய இரட்டை நிறுவன வரைபடத்தை யாரேனும் ஆலோசனையாகக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

தென்திசை

மெதெயின் நகரில் வசிக்கிறேன். கொலம்பியாவைப் பற்றி எழுதுகிறேன். இங்கே நிறுவனம் தொடங்குவோருக்கு 2008 டிசம்பர் 5ஆம் நாள் வந்த 1258ஆம் எண் சட்டம் ஒரு பெரிய திருப்பம். எளிமையாக்கப்பட்ட பங்கு நிறுவனமான எஸ்.ஏ.எஸ். இச்சட்டத்தால் உருவானது. இதை வடிவமைத்தவர் பிரான்சிஸ்கோ ரெயெஸ் வியாமிசார் என்ற சட்டப் பேராசிரியர். பின்னாளில் நிறுவனங்களைக் கண்காணிக்கும் சூப்பரின்தெந்தென்சியாவின் தலைவராகவும் இருந்தார்.

அதற்கு முன்பு இங்கு எஸ்.ஏ. தொடங்க ஐந்து பங்குதாரர்கள் தேவை. எண்ணிக்கையை நிரப்ப மனைவி, மைத்துனர், ஓட்டுநர் என்று ஆளுக்கொரு பங்கைக் கொடுத்து வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பொறுப்பு வரையறுக்கப்பட்ட லிமிதாதாவில் இரண்டு பேர் போதும் என்றாலும், அதன் பெயரில்தான் வரையறை இருந்தது: நிறுவனத்தின் வரிக் கடனுக்கும் தொழிலாளர் கடனுக்கும் பங்காளிகள் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. எஸ்.ஏ.எஸ். இவை அனைத்தையும் மாற்றியது. ஒரே ஒரு பங்குதாரர் போதும். அவர் வெளிநாட்டு நிறுவனமாகவும் இருக்கலாம். நோட்டரி பத்திரம் தேவையில்லை, தனிப்பட்ட ஆவணமே போதும். நிலம் போன்ற பத்திரம் கோரும் சொத்தை மூலதனமாகக் கொடுத்தால் மட்டுமே நோட்டரியிடம் செல்ல வேண்டும். குறைந்தபட்ச மூலதனம் இல்லை. தருவதாக ஒப்புக்கொண்ட மூலதனத்தைச் செலுத்த இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. காலவரையறையும் தொழில் வரையறையும் வைக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழு விருப்பத்துக்கு உரியது. கட்டாயமானவர், நிறுவனத்தின் சார்பில் செயல்படும் சட்டப் பிரதிநிதி ஒருவரே. சொத்தோ வருவாயோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரெவிசோர் ஃபிஸ்கால் எனப்படும் நிரந்தரத் தணிக்கையாளர் வேண்டும். எஸ்.ஏ.எஸ். தன் பங்குகளைப் பங்குச் சந்தையில் பட்டியலிட முடியாது என்பதே முக்கியமான தடை.

இன்று இங்கே புதிதாகப் பதிவாகும் நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மை எஸ்.ஏ.எஸ். தான். அமெரிக்க நாடுகளின் அமைப்பு 2017இல் இதையொட்டியே ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்றது. அர்ஜென்டினா 2017இலும், உருகுவாய் 2019இலும், ஈக்வடார் 2020இலும் தம் சட்டங்களில் எஸ்.ஏ.எஸ். வடிவத்தைச் சேர்த்தன. சிலி 2007லேயே எஸ்.பி.ஏ. என்ற நெருங்கிய வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் பக்கத்தின் சட்டச் சிந்தனை வெளியே சென்று பரவியதை இங்குள்ள வழக்கறிஞர்கள் பெருமையோடு சொல்வார்கள்; அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்களே.

நெய்தல்

மிக்க நன்றி. ஒரு தகவலை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன். கொலம்பியாவில் எங்கள் விநியோகஸ்தர், புதிய நிறுவனத்தில் 30 விழுக்காடு பங்கு கேட்கிறார். பழகிய மனிதர், நம்பிக்கைக்கு உரியவர். அவரே சட்டப் பிரதிநிதியாகவும் இருக்க விரும்புகிறார். இதனால் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஏதேனும் மாறுமா?

வழக்காடி

நிச்சயமாக மாறும். எஸ்.ஏ.எஸ். வடிவத்தின் மீது எனக்குள்ள தயக்கமும் இங்கேதான் தொடங்குகிறது. ஏறத்தாழ எல்லாவற்றையும் விதிகளை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், எழுதும் நாளில் வலுவாக இருப்பவர் தமக்குச் சாதகமாக எழுதிக்கொள்வார். ஒரு பங்குக்குப் பல வாக்குகள் என்று வைக்கலாம்; பங்கு விற்பனையைப் பத்து ஆண்டுகள் வரை தடுத்து வைக்கலாம்; பங்குதாரரை வெளியேற்றும் காரணங்களையும் விதியாக்கலாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் சிறுபான்மைப் பங்குதாரருக்கு வெளியேறும் வாசல் எங்கே?

ஸ்பெயின் இதற்கு ஒரு விடை கண்டது. மூலதன நிறுவனங்கள் சட்டத்தில் 2011இல் சேர்க்கப்பட்டு, நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டு, 2018இல் திருத்தப்பட்ட '348 பிஸ்' என்ற பிரிவு, பதிவாகி ஐந்து ஆண்டுகள் கடந்த நிறுவனங்களுக்குப் பொருந்தும். முந்தைய மூன்று ஆண்டுகளிலும் லாபம் இருந்து, பகிரத்தக்க லாபத்தில் 25 விழுக்காட்டையாவது ஈவுத்தொகையாகக் கொடுக்கப் பெரும்பான்மையினர் மறுத்தால், கூட்டத்தில் தம் எதிர்ப்பைப் பதிவு செய்த பங்குதாரர் தம் பங்கின் நியாய மதிப்பைப் பெற்றுக்கொண்டு விலகலாம். கடந்த ஐந்து ஆண்டுகளின் மொத்த லாபத்தில் அந்த அளவு பகிரப்பட்டிருந்தால் இவ்வுரிமை எழாது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் பொருந்தாது. அண்ணன் தம்பி சண்டையில் ஒருவர் சம்பளமாக எடுத்துக்கொண்டே போக, மற்றவர் ஈவுத்தொகை இல்லாமல் பட்டினி கிடக்கும் குடும்ப நிறுவனங்களுக்கு இது பெரும் மாற்றம்.

தென்திசை

தாங்கள் சொன்ன ஆபத்து உண்மைதான். ஆனால் சட்டம் அதைக் காணாமல் விட்டுவிடவில்லை. 1258ஆம் எண் சட்டத்தின் 43ஆம் பிரிவு, நிறுவனத்துக்கோ மற்றப் பங்குதாரருக்கோ தீங்கிழைக்கும் நோக்கில் வாக்களிப்பதை உரிமைத் துஷ்பிரயோகமாகக் கருதி, இழப்பீட்டுக்கும் தீர்மான ரத்துக்கும் வழிசெய்கிறது. மோசடிக்காக நிறுவனத்தைப் பயன்படுத்தினால் 42ஆம் பிரிவின்கீழ் நிறுவனத் திரை விலக்கப்பட்டு, உடந்தையான பங்குதாரர்களும் நிர்வாகிகளும் நேரடியாகப் பொறுப்பாவார்கள். இவ்வழக்குகளை விசாரிக்கும் நீதி அதிகாரம் சூப்பரின்தெந்தென்சியாவுக்கே உண்டு என்பதால், வணிகச் சிக்கலை அறிந்தவர்களே அவற்றைத் தீர்க்கின்றனர்.

நெய்தல் அவர்களுக்குப் பயன்படுவது 24ஆம் பிரிவு. பங்குதாரர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நிறுவனத்தின் நிர்வாக அலுவலகத்தில் ஒப்படைத்து வைத்தால், நிறுவனம் அதைப் பின்பற்றியாக வேண்டும். அதற்கு மாறாகப் போடும் வாக்கைக் கூட்டத் தலைவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. பங்கை வாங்கும் முன்னுரிமை, ஈவுத்தொகைக் கொள்கை, விநியோக ஒப்பந்தம் முடிந்தால் 30 விழுக்காட்டை எந்த மதிப்பில் திரும்ப வாங்குவது ஆகியவற்றை அதில் எழுதி ஒப்படைத்துவிடுங்கள். பழகியவர் என்பதால் எழுதாமல் விடுவது அவருக்கும் நல்லதன்று.

கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதற்கு இந்த நகரமே ஒரு பாடம். 1970களின் பிற்பகுதியில், வெளியூர்க் குழுமங்கள் தம் நிறுவனங்களை வாங்கிவிடும் என்று அஞ்சிய அன்தியோக்கியா வட்டாரத் தொழிலதிபர்கள், ஒரு நிறுவனம் மற்றொன்றின் பங்குகளை வாங்கிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். காப்பீடும் நிதியும் நடத்தும் சூரா, சிமெண்ட் நிறுவனமான ஆர்கோஸ், உணவு நிறுவனமான நுத்ரேசா என மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததால், தனித்த உரிமையாளர் என்று எவரும் இல்லாமலேயே குழுமத்தை வெளியார் எவரும் கைப்பற்ற முடியவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது நிலைத்தது. 2021 நவம்பரில் வங்கித் தொழிலதிபர் ஹைமே ஹிலின்ஸ்கி, நுத்ரேசாவுக்கும் அடுத்து சூராவுக்கும் பொதுப் பங்குக் கொள்முதல் அழைப்பு விடுத்தபோதுதான் அந்தப் பிணைப்பு ஆட்டம் கண்டது. 2023இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பங்குகளைப் பரிமாறிக்கொண்டு நுத்ரேசா அவர் தரப்புக்குச் சென்றது. சூராவும் ஆர்கோஸும் தமக்கிடையே எஞ்சியிருந்த குறுக்குப் பங்குகளை 2025இல் பிரித்துக்கொண்டன. அந்த நிறுவனங்களின் பெயர்களுக்குப் பின்னால் இருந்த எழுத்துகளில் இந்தக் கதையின் ஒரு வரி கூடத் தெரிந்திருக்காது.

களஞ்சியம்

சிலியில் இதே கட்டுப்பாடு மேலிருந்து கீழாக வரும். எஸ்.கியூ.எம். என்ற கனிம நிறுவனத்தைப் பிடித்திருந்த நோர்தே கிராந்தே, ஓரோ பிளாங்கோ, பம்பா காலிச்சேரா என்ற அடுக்கை அங்கே 'அருவிகள்' என்றே அழைத்தனர். ஒவ்வொரு படியிலும் பாதிக்குச் சற்று மேல் வைத்திருந்தாலே போதும். உச்சியில் உள்ளவர் சிறு முதலீட்டில் அடிவாரத்தை ஆளலாம். இந்த அடுக்கு நிறுவனங்களுக்கு இடையிலான பங்கு வணிகத்துக்காக 2014இல் ஒழுங்குமுறை ஆணையம் பெரும் அபராதம் விதித்தது. ஸ்பெயினின் ஆடை நிறுவனமான இன்டிடெக்ஸ் போன்றவற்றில் நிலைமை நேரடியானது: அதன் நிறுவனர் அமான்சியோ ஒர்தேகா 59 விழுக்காடு அளவுக்குப் பங்கு வைத்திருப்பது அனைவருக்கும் தெரியும். ஆகவே அங்கிருந்து உங்களிடம் கொள்முதல் செய்யும் நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கும்போது, இயக்குநர் பட்டியலோடு நின்றுவிடாமல் மேலே உள்ள குடும்ப நிறுவனம் வரை செல்லுங்கள்.

நெய்தல்

எல்லாரும் வேறு வேறு வழியில், கட்டுப்பாடு யாரிடம் என்ற ஒரே இடத்துக்கு வருகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் மெக்சிகோவில் எங்கள் பிரதிநிதிக்கு எந்த அளவு அதிகாரம் கொடுப்பது? 'பொது அதிகாரம்' என்று கொடுத்தால் போதும் என்கிறார் எங்கள் மேலாளர்.

பேரேடு

அந்த ஒரு சொல்லை மட்டும் தீர்மானத்தில் எழுதிவிடாதீர்கள். மெக்சிகோவின் கூட்டாட்சிக் குடிமைச் சட்டம், 2554ஆம் பிரிவில், அதிகாரத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதலாவது, வழக்குகளுக்கும் வசூலுக்குமான அதிகாரம். இரண்டாவது, நிர்வாகச் செயல்களுக்கானது: வாடகை ஒப்பந்தம், கொள்முதல், ஊழியர் நியமனம், வரி அலுவலகத்தில் தாக்கல் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, உரிமைச் செயல்களுக்கானது. இதைப் பெற்றவர் நிறுவனத்தின் சொத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம். காசோலையிலும் கடன் பத்திரத்திலும் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கடன் பத்திரங்களுக்கான தனிச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி வெளிப்படையாக எழுத வேண்டும். மூன்றையும் வரம்பில்லாமல் ஒருவருக்குக் கொடுத்தால், பெட்டகச் சாவியை ஒரே கையில் ஒப்படைத்தது போலாகும்.

நடைமுறையில் நான் பார்த்தவற்றுள் நன்றாக இயங்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். அங்கேயே வசிக்கும், அந்நாட்டு வரிப் பதிவும் மின்கையொப்பமும் உள்ள ஒருவருக்கு முதல் இரண்டு அதிகாரங்களைத் தனியாகவே கொடுங்கள். அவை இல்லாமல் ஒரு விலைப்பட்டியல் கூட வெளியிட முடியாது. வங்கி அதிகாரத்தைத் தொகை வரம்போடு இருவர் சேர்ந்து கையெழுத்திடும்படி கொடுங்கள். உரிமைச் செயல்களை நிர்வாகக் குழுவிடமோ பங்குதாரர் கூட்டத்திடமோ வைத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதி விலகினால் அன்றே அதிகாரத்தை நோட்டரி முன் ரத்து செய்து, வணிகப் பதிவகத்திலும் பதிவு செய்ய வேண்டும். பதிவேறும்வரை, ரத்தானதை அறியாமல் அவரோடு ஒப்பந்தம் செய்யும் மூன்றாம் தரப்பினருக்கு நீங்கள் பதில் சொல்ல நேரலாம்.

கொலம்பியாவுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே நிறுவனம் செயலில் இருப்பதையும் அதன் பிரதிநிதி யார் என்பதையும் காட்ட வணிகச் சபை வழங்கும் சான்றிதழில் சட்டப் பிரதிநிதியின் பெயரும் அவருடைய அதிகார வரம்பும் அச்சாகியிருக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதியில் எழுதினால் அது அந்தச் சான்றிதழிலும் வரும். வங்கியும் வாடிக்கையாளரும் அதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் விநியோகஸ்தர் பிரதிநிதியாக இருக்கலாம், ஆனால் வரம்போடு. துணைப் பிரதிநிதி ஒருவரை உங்கள் தரப்பிலிருந்து நியமியுங்கள். ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதிக்குள் வணிகப் பதிவைப் புதுப்பிப்பதையும் நாட்குறிப்பில் குறித்துவையுங்கள்.

கோயம்புத்தூரில் இயக்குநர் குழு இயற்றும் தீர்மானம் அங்கே செல்ல வேண்டுமானால், நோட்டரி சான்றும் வணிகச் சபையின் சான்றும் பெற்று, ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை வாங்கி, அந்தந்த நாட்டில் ஏற்கப்படும் அதிகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிய மொழியில் பெயர்த்து, மெக்சிகோவில் நோட்டரியின் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும். இதில் ஒரு சொல் மாறினாலும் மொத்தச் சுற்றும் மறுபடி தொடங்கும். எனவே யாருக்கு எந்தப் படி அதிகாரம், எந்தத் தொகை வரை, தனியாகவா கூட்டாகவா என்பதை அங்குள்ள வழக்கறிஞரோடு பேசி முடித்த பிறகு தீர்மானத்தின் வாசகத்தை எழுதுங்கள். வரைவு தயாரானதும், பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே பதிவிட்டால் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.